நோட்டீஸ் அண்ணன் நடத்திய புரட்சி

ஒரகடத்தில் எழுத்தால் புரட்சி செய்த ஒரே மனிதர் எங்கள் நோட்டீஸ் அண்ணன்தான். அந்தப் புரட்சி மூன்று நாள் நடந்தது, நாளொன்றுக்கு அரை மணி நேரம்.

வடக்குப்பட்டில் நாங்கள் ஆறு பேர் தங்கியிருந்த அறையில் அவரும் ஒருவர். திருநெல்வேலிப் பக்கம். கார் பாகம் செய்யும் கம்பெனியில் எல்லோரும் ஒரே லைன், எல்லோரும் கான்ட்ராக்ட். வாரம் ஒரு நோட்டீஸ் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, அறையின் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுவார். அங்கே உட்கார்ந்தவன் படிக்காமல் எங்கே போவான் என்பது அவர் கணக்கு. தண்ணீர் வரவில்லை என்று வீட்டுக்காரருக்கு ஒன்று எழுதினார். நிலப்பிரபுத்துவத்தில் தொடங்கி மூன்றாம் பக்கத்தில்தான் தண்ணீருக்கே வந்தார்.

“மோட்டார் போடுன்னு ஒரு வார்த்த சொன்னா போட்டுட மாட்டனா? இதுக்கு இன்னாத்துக்குபா மூணு பக்கம்?” என்றார் வீட்டுக்காரர்.

நோட்டீஸைக் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்று, நம் கண் எந்த வரியில் ஓடுகிறது என்று பார்ப்பார். “சூப்பர்ணே” என்று சொல்லித் தப்பித்து, அதையே விரித்துப் பரோட்டா சாப்பிடுவோம். கேன்டீனில் அவர் உட்காரும் மேஜைக்கு யாரும் போகமாட்டோம். போனால் வாசித்துக் காட்டுவார்.

சாப்பாட்டு இடைவேளை அரை மணி. கேன்டீனுக்கு நடக்கவும் வரிசையில் நிற்கவுமே அதில் பெரும்பகுதி போய்விடும். அதைப் பற்றி ஒருநாள் அரைப் பக்கம்தான் எழுதினார். நிலப்பிரபுத்துவம் இல்லை, ஏகாதிபத்தியம் இல்லை. ‘நாம் சாப்பிடுவதில்லை, விழுங்குகிறோம். ஊரிலிருந்து அம்மா போனில் சாப்பிட்டியா என்று கேட்கும்போது நாம் சொல்லும் பதில் பொய்.’

இத்தனைக்கும் அவரை அப்படிக் கேட்க ஊரில் ஒருவரும் இல்லை.

அந்தத் தாள் கைமாறிக் கைமாறி லைன் முழுக்கப் போனது. மறுநாள் எல்லோரும் கேன்டீனுக்குப் போனோம், உட்கார்ந்தோம், யாரும் தட்டைத் தொடவில்லை. வேலை நிற்கவில்லை, சாப்பாடுதான் நின்றது. மூன்றாம் நாள் இடைவேளையில் பத்து நிமிடம் கூட்டித் தருவதாகக் கம்பெனியில் ஒப்புக்கொண்டார்கள்.

எழுதியது யார் என்று கேட்டால் வாயைத் திறக்கக்கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். ஹெச்.ஆர். அதிகாரி தாளைக் காட்டினார்.

“இது உங்கள்ல ஒருத்தர் எழுதினதில்ல. நல்லா படிச்ச ஆள் யாரோ வெளியிலேர்ந்து எழுதிக் குடுத்திருக்கான்.”

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். நோட்டீஸ் அண்ணனால் முடியவில்லை. எழுந்துவிட்டார்.

“நாந்தான் சார் எழுதுனேன். அந்த அம்மா வரிய மட்டும் நாலு தடவ மாத்தி எழுதுனேன்.”

வேலை போகும் என்று தெரிந்தும் சொன்னார். சாயங்காலமே கேட் பாஸை வாங்கிக்கொண்டார்கள். பஸ் ஏற்றிவிட நான் மட்டும்தான் போனேன்.

“முழுசா வாசிச்சியளா தம்பி?” என்று கேட்டார். வாசித்தேன் என்றேன். அந்த ஒருமுறைதான் அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

அடுத்த வாரம் அந்தக் கூடுதல் பத்து நிமிடம் அமலுக்கு வந்தது. அவர் மேஜையில் போய் உட்கார்ந்து, நிதானமாக மென்று சாப்பிட்டேன். இரண்டு வருடத்தில் ஒருநாளாவது அவரோடு அங்கே உட்கார்ந்திருக்கலாம். அவரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.