பச்சைக் கல்லில் பாதிப் பங்கு

கையில் கிடைத்த கல்லெல்லாம் ரத்தினமாகத் தெரியும் ஓர் இனம் உண்டு. இவர்களுக்குத் தலையில் கொம்பு ஒன்றும் முளைத்திருக்காது. உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார்கள். கல்லை உள்ளங்கையில் ஏந்தி, "என்னா கனம் பாத்தீங்களா!" என்பார்கள். எந்தக் கல் ஐயா கனக்காமல் இருந்தது?

எங்கள் ஊர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் மைத்துனருடன் ஆற்றோரம் நடந்தபோது பச்சையாக ஏதோ மின்னியது. கண்டவர் மைத்துனர், குனிந்து எடுத்தவர் இவர். வழக்கு அங்கேயே பிறந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து நக்கிப் பார்த்தார், ஆணியால் கீறிப் பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தார், கடைசியில் இணையத்தில் இருந்த படங்களிலேயே விலை உயர்ந்த கல் எதுவோ அதுதான் இது என்று தீர்ப்பெழுதினார். மறுநாள் அதுவும் போதவில்லை. உலகம் இதுவரை காணாத கல்லாக இருந்தால்? தன் பெயரை அதற்கு வைத்தால் வாயில் நுழையுமா என்று குளியலறையில் சொல்லிப் பார்த்தார்.

மைத்துனர் வந்தார். "மாமா, பாதி எனக்குத்தானே?"

"கண்ணுல பட்டா உன்னுதா? நெலாகூடத்தான் கண்ணுல படுது. அதுல உனக்குப் பங்கு இருக்கா?"

மைத்துனர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அவருடைய அக்காள், அதாவது கடைக்காரரின் மனைவி, அன்றோடு கணவரிடம் பேச்சை நிறுத்தினாள். மேதைகளுக்கு வீட்டில் மரியாதை இருக்காது என்று இவர் தேற்றிக்கொண்டார்.

கல்லைக் கைக்குட்டையில் சுற்றி, கல்லூரியில் நிலவியல் பேராசிரியையிடம் கொண்டுபோனார். அவர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு இவரிடம் நீட்டினார்.

"உள்ள உருண்டையாக் காத்துக்குமிழி தெரியுதா சார்? இது கண்ணாடி. ஏதோ பட்டறை உலையில மிஞ்சினது, ஆத்துல உருண்டு மழமழன்னு ஆயிருக்கு."

"அப்ப மதிப்பு...?"

"அழகா இருக்கு. மேஜைமேல வெச்சுக்கலாம்."

கடைக்காரருக்குத் தன்னை நினைத்தே சிரிப்பு வந்தது. "காலம்பூரா கண்ணாடியோடதான் மேடம் குப்பை கொட்டறேன். ஊர்ல எல்லார் கண்ணுக்கும் பவர் சொல்றவன் நான்!"

நேராக மைத்துனர் வீட்டு வாசலில் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். "மாப்ளே, முழுசையும் நீயே வெச்சுக்கோ. காலேஜ் மேடம் ஒருத்தங்க லென்ஸ் வெச்சுப் பாத்துட்டாங்க, வெறும் கண்ணாடியாம். புத்தி கெட்டுப்போய்ப் பேசிட்டேன். வீட்டுக்கு வாப்பா, உங்கக்கா மூஞ்சியத் திருப்பிக்கிட்டே நிக்கிறா."

மைத்துனர் கல்லை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "அந்தம்மா வேணும்னே மட்டமாச் சொல்லியிருப்பாங்க மாமா. வேற எடத்துல காட்டுவோம்."

கடைக்காரர் அரைக்கணம் யோசித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "ஆளுக்குப் பாதி?"

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். உங்கள் பீரோவில் துணிமணிக்கு அடியில், பிள்ளைகளைத் தொடவிடாமல் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறீர்களே, அதை இதுவரை விவரம் தெரிந்த ஒருவரிடமும் காட்டாமல் இருப்பது ஏனாம்?