சவுனாவுக்குக் கவசம்

வானமே வெடித்தாலும் என் வீட்டுப் பொருள் ஒன்றுகூடக் கருகக் கூடாது என்று ஜனவரி மாதம் ஒரு திங்கட்கிழமை தீர்மானம் எடுத்தேன். தீர்மானம் நல்ல தீர்மானம். எடுத்த ஆள்தான் நான்.

என் பெயர் ஓர்வோ. எங்கள் வட்டாரத்து மின் விநியோகக் கட்டுப்பாட்டு அறையில் இருபத்தெட்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவன். அன்று அலுவலகத்தில் மின்காந்தத் துடிப்பு பற்றி வகுப்பு எடுத்தார்கள். எவனோ ஒருவன் வெகு உயரத்தில் ஒரு குண்டை வெடிக்கிறான். நமக்குச் சத்தம்கூடக் கேட்காது. ஆனால் அதிலிருந்து கிளம்பும் அலை கண் இமைப்பதற்குள் மின்கம்பிகளில் ஏறி, மின்மாற்றிகளைப் பொசுக்கி, சுவரில் சொருகிய போன் வரை வந்துவிடும். மின்நிலையத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம். கருவிகளுக்கு இரும்புப் பெட்டி, கம்பிகளுக்குத் தடுப்பு, உதிரி மின்மாற்றி எல்லாம் உண்டு. வீட்டை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாப் பக்கமும் உலோகம் மூடிய இடத்தில் வைத்தால் எதுவும் ஆகாது என்றார்கள்.

எல்லாப் பக்கமும் உலோகம்! எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. எங்கள் பின்லாந்தில் எந்த வீட்டு சவுனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெந்நீராவி பிடிக்கிற அந்தக் குளியலறையின் பலகைகளுக்குப் பின்னால், சூடு வெளியே போகாமலிருக்க அலுமினியத் தாள் ஒட்டியிருப்பார்கள். சுவரிலும் உண்டு, கூரையிலும் உண்டு. முக்கால்வாசிக் கூண்டு தயார். ஜன்னலையும் கதவையும் அடைத்தால் முடிந்தது வேலை.

என் மனைவி ஹில்லெவி நூலக வண்டி ஓட்டுகிறவள். பதினைந்து டன் வண்டி, உள்ளே நாலாயிரம் புத்தகம், வெளியே முழங்கால் வரை பனி. அவள் வருகிறாள் என்றால் மர லாரிக்காரர்களே ஒதுங்குவார்கள். நான் எம்மாத்திரம்? இருந்தாலும் காபி நேரத்தில் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்போ சனிக்கிழமை?" என்றாள்.

"சனிக்கிழமைக்கு என்ன?"

"குளியல், ஓர்வோ."

"ஷவர்ல குளிச்சுக்கலாம்."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஷவருக்குத் தண்ணி மோட்டார்ல வருது. மோட்டார் கரண்ட்ல ஓடுது. உன் குண்டு வெடிச்சா கரண்ட் இருக்காது. விறகு இருந்தா போதும், கரண்டே வேணாம்னு இந்த வீட்ல இருக்கிறது ஒரே ஒரு ரூம். அதுல போய் கரண்ட் சாமானை அடைக்கப் போறியா?"

அதெல்லாம் சில்லறை விஷயம் என்றேன். பதில் தெரியாதபோது நான் அப்படித்தான் சொல்வேன்.

மூன்று வாரம் உழைத்தேன். சமையலறை அலுமினியத் தாள் பதினோரு சுருள் வாங்கி, ஜன்னலில் ஆறு மடிப்பாக வைத்துக் குண்டூசி குத்தினேன். கதவுக் கண்ணாடிக்கு முயல் கூண்டின் கம்பி வலை. உள்ளே உட்காருகிற மேல் பலகையில் மடிக்கணினி, ரேடியோ, துளைபோடும் இயந்திரத்தின் சார்ஜர், ஹில்லெவியின் தையல் மெஷின் எல்லாவற்றையும் அடுக்கினேன். கைப்பிடி சுற்றினால் பாடும் பழைய ரேடியோ மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

பிறகு கூண்டைச் சோதித்தேன். என் போனை உள்ளே வைத்து, கதவைச் சாத்தி, வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டேன். அடித்தது. இன்னொரு மடிப்பு தாள் குத்திவிட்டுக் கூப்பிட்டேன். முன்னைவிடத் தெளிவாக அடித்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், வெளியே போகக் கூடாது.

கடைசியில் ஹில்லெவிதான் பந்தயம் வைத்தாள். சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஒரு போனை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவது. அவள் முற்றத்திலிருந்து கூப்பிடுவாள். அடிக்காவிட்டால் சவுனா என்றைக்கும் என் சாமான்களுக்கு. அவள் டவுன் நீச்சல் கூடத்துக்குப் போய்க் குளித்துக்கொள்வாள். அடித்தால் மறுபேச்சில்லாமல் காலி செய்து நான்கு மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும். இவ்வளவு இனிமையாக அவள் எதையும் பேசியதில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சாட்சிக்குப் பக்கத்து வீட்டு உர்போவைக் கூப்பிட்டேன். நேர்மையான ஆள், உண்மைதான். ஆனால் அவன் வீட்டு சவுனா அடுப்பு மின்சார அடுப்பு. அது நவம்பரில் படுத்துவிட்டது. அன்றிலிருந்து, நான் கூண்டு கட்டத் தொடங்கும் வரை, சனிக்கிழமை தவறாமல் அவன் குளித்தது எங்கள் வீட்டில்தான். இதை யோசிக்காமல் சாட்சி பிடித்த என் புத்தியை என்ன சொல்ல? தோளில் துண்டோடுதான் வந்து நின்றான்.

சரி, நான் மட்டும் யோக்கியனா? போனை மேல் பலகையில் வைக்கப் போனபோது, முதுகைக் கதவுப் பக்கம் காட்டிக்கொண்டு, பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் போனை அணைத்துவிட்டேன். திரை கறுப்பாகும் வரை பார்த்தேன். வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

முற்றத்தில் கடுங்குளிர். ஹில்லெவி கையுறையைக் கழற்றி எண்ணை அழுத்தினாள். மூன்று விநாடி ஒன்றுமில்லை. நான் மெல்லச் சிரிக்க ஆரம்பித்தேன்.

உள்ளே போன் அடித்தது.

அணைத்த போன் எப்படி அடிக்கும்? இருபத்தெட்டு வருஷ மின்சார அனுபவத்தில் இப்படி ஒன்றைக் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. 'இருக்கவே முடியாது' என்று கத்த வாயைத் திறந்தேன். ஏன் முடியாது என்று கேட்டால்? வாயை மூடினேன்.

"என்னமோ சொல்ல வந்தியே?" என்றாள் ஹில்லெவி.

"இல்ல. குளிருது."

நன்றாகக் கேட்டதா என்று அவள் உர்போவைக் கேட்டாள். மணி மாதிரிக் கேட்டது என்று சொல்லிவிட்டு, அவன் நேராக விறகுக் கொட்டகைக்கு நடந்தான்.

சாமான்களைக் காலி செய்தேன். மேல் பலகையில் என் போன் கறுத்துத்தான் கிடந்தது. அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். ஒன்றும் புரியவில்லை. ஹில்லெவி ஜன்னல் தாளைப் பிரித்து, மடித்து, எங்கேயோ எடுத்துப் போனாள். நான்கு மணிக்கு மூட்டிய பிர்ச் விறகு எரிந்து, அடுப்பின் மேல் கற்கள் சூடேறி, ஐந்து மணிக்கு நாங்கள் இருவரும் மேல் பலகையில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் முறை முடியட்டும் என்று உர்போ சமையலறையில் காபியோடு காத்திருந்தான்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சவுனாவுக்குள் சண்டை கிடையாது, பொய்யும் கிடையாது. வெளியே எப்படிப்பட்டவனாக இருந்தாலும் உள்ளே உடுப்பைப் போலப் புளுகையும் கழற்றிவிட்டுத்தான் உட்கார வேண்டும். அவள் இதற்காகவே காத்திருந்தாள் என்று பிறகுதான் புரிந்தது.

"ஓர்வோ, போனை அணைச்சுட்டுத்தானே வச்ச?"

கற்கள் மேல் ஓர் அகப்பைத் தண்ணீர் ஊற்றினாள். ஆவி வந்து என் காதைச் சுட்டது.

"ஆமா," என்றேன்.

"தெரியும். மூணு வாரமா சவுனாவுக்குள்ள உன் போன் அடிக்குது, நீ அசட்டு முகத்தோட வெளிய வர்ற. எனக்குக் காது இல்லையா?"

"அப்போ இன்னைக்கு அடிச்சது?"

"நூலக வண்டி போன். காலையிலேயே இந்த அடுப்புப் பக்கத்து விறகுக் கூடைக்கு அடியில வச்சுட்டேன்."

நான் எழுந்துவிட்டேன். தலை கூரையில் இடித்தது. இது மோசடி, பந்தயம் செல்லாது என்றேன்.

"எது மோசடி?" என்றாள், அசையாமல். "உள்ள ஒரு போன் இருந்துச்சு. கதவு சாத்தியிருந்துச்சு. வெளிய இருந்து கூப்பிட்டேன், அடிச்சது. நான் உன் கூண்டை ஒழுங்கா சோதிச்சேன். நீதான் சோதிக்கல."

உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய? கோபம் வரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், பெருமையாக இருந்தது. எங்கள் கட்டுப்பாட்டு அறையில் என் நாற்காலியில் இவள் உட்கார்ந்திருந்தால் இந்த நாட்டுக்கு ஒரு கவலையும் இல்லை.

நிஜமாகவே அந்தக் குண்டு வெடித்தால் என்ன செய்வது என்று பணிவாகக் கேட்டேன். வேண்டியதெல்லாம் கிறிஸ்துமஸ் இஞ்சி பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது என்றாள். கைப்பிடி ரேடியோ, பழைய போன், டார்ச், எல்லாம் துணி சுற்றி உள்ளே. வண்டியில் வந்த ஒரு புத்தகத்தில் படித்தாளாம்: மூடி உலோகத்தோடு உலோகமாக உட்கார வேண்டும் என்று விளிம்பில் பெயிண்ட்டைச் சுரண்டியிருக்கிறாள். அந்தப் போனைத் துணியோடு டின்னில் வைத்து ஐந்து தடவை கூப்பிட்டும் பார்த்திருக்கிறாள். ஒரு தடவைகூட அடிக்கவில்லை. இதெல்லாம் அக்டோபரிலேயே.

"அக்டோபர்லயா? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ அவ்வளவு ஆசையா ஊசி குத்திட்டு இருந்த. எப்படிச் சொல்றது?"

அப்போதுதான் வாசனை வந்தது. அடுப்புக் கற்களின் ஓரத்தில் ஒரு பளபளப்பான பொட்டலம் இருந்தது. குனிந்து பார்த்தேன். என் ஜன்னல் தாள், என் கையால் குத்திய குண்டூசி ஓட்டைகள், உள்ளே எட்டு சாசேஜ்.

மூன்று வாரம் பாடுபட்டுச் செய்த கவசம், அந்த ஓட்டைகள் வழியே சாசேஜ் கொழுப்பும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.