உப்பு கொஞ்சம் கம்மி

"சமையல்காரங்க மட்டும்தான் இந்த வழியா போகலாம் சார்" என்றார் காவலாளி.

கைக்கடிகாரம் பழுது பார்ப்பவருக்கு வியர்த்தது. மனைவி ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த சூப் திருவிழா. பத்து மணி நேர ரயில் பயணம். தண்ணீர் பாட்டில் வாங்க அவர் வரிசையை விட்டு விலகியதும், கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. டிக்கெட்டும் அவருடைய போனும் அவள் கைப்பையில்.

"நானும் சமையல்காரன்தாங்க" என்றார், வாயில் வந்ததை.

காவலாளி ஒரு வெள்ளை ஏப்ரனை மாட்டி உள்ளே அனுப்பினார்.

உள்ளே போனவர் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு ஆள் உயரத்தில் ஓர் அண்டா. சுற்றிலும் மேடை. அதில் நாலு பேர் நீளமான துடுப்புகளால் கிண்டிக்கொண்டிருந்தார்கள். கேரட் துண்டுகள் சறுக்குப் பலகை வழியாக அருவிபோல் அதற்குள் விழுந்தன. முப்பது வருடமாகக் கடுகளவு திருகாணிகளையே பார்த்த கண்கள் இமைக்க மறந்தன.

"என்ன வேடிக்கை? துடுப்பைப் பிடிங்க!" மேடையிலிருந்து தலைமைச் சமையற்காரம்மா கத்தினார்.

துடுப்பை அவரால் அசைக்கக்கூட முடியவில்லை. "எனக்கு ருசி பாக்கிற வேலைம்மா" என்று நழுவினார்.

கிண்டுவது நின்றது. மரியாதையோடு ஒரு கிண்ணம் நீண்டது.

குடித்தார். அமிர்தம்! ஆனால் குறை சொல்லாவிட்டால் சந்தேகப்படுவார்களே? "உப்புதான் கொஞ்சம் கம்மி..." என்று இழுத்தார்.

"கொஞ்சம் உப்பு!" என்று சமையற்காரம்மா குரல் கொடுத்தார்.

இரண்டு பேர் ஒரு மூட்டையைத் தூக்கி வந்து முழுசாகக் கவிழ்த்தார்கள்.

அடுத்த வாய்க்கு அவர் கண்ணில் நீர் முட்டியது. "தண்ணி... கொஞ்சம் தண்ணி?"

தொடை பருமனுக்கு ஒரு குழாய் திறந்தது. சூப் விளிம்பு வரை ஏறி, சப்பென்று ஆனது.

"ஆயிரம் பேர் பசியோட வருவாங்க. ஒரு மணி நேரந்தான் இருக்கு. நீங்கதான் வழி சொல்லணும்" என்றார் அம்மா.

வீட்டில் குழம்பு நீர்த்துப்போனால் மனைவி செய்வது அவருக்கு நினைவுக்கு வந்தது. "உருளைக்கிழங்கை வேகவெச்சு மசிச்சுப் போடுங்க."

"போட இடமில்லையே!"

"அப்ப... இன்னொரு அண்டா?"

விளையாட்டாகக் கேட்டதாக யாரும் நினைக்கவில்லை. கிரேன் வந்தது. வானத்திலிருந்து ஓர் அண்டா இறங்கியது. பாதி சூப் இடம் மாறியது. டிராக்டர் நிறைய உருளைக்கிழங்கு வந்தது. இந்த முறை அவரே ஓடிப்போய் இன்னொருவரோடு சேர்ந்து துடுப்பைப் பிடித்தார்.

கடைசியாக ஒரு கிண்ணம் ருசித்துப் பார்த்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அவரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"என்னங்க!"

வாசலில் மனைவி. "உங்களைக் காணாம நான் திருவிழாவுக்குள்ளயே போகல. ஊரெல்லாம் தேடி, கடைசியில அந்தக் காவலாளிதான்..."

திட்ட வந்த வாய் அண்டாக்களைப் பார்த்ததும் அப்படியே நின்றது. யாரோ கையில் கொடுத்த கிண்ணத்தைக் குடித்தாள்.

"ஆறு வருஷம் காத்திருந்தது வீண் போகலைங்க."

"இதைவிட என்ன இருக்கு? திருவிழாவையே பாத்துட்டோம், கிளம்பலாம்" என்றார் அவர்.

ஓரமாக உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.

"திருவிழா சுவருக்கு அந்தப் பக்கம் சார். இது அங்க சமைக்கிறவங்களுக்கு மத்தியானச் சாப்பாடு."