அறிக்கையில் ஓடிய கார்

கார்ப் பந்தயத்தில் முதலில் வருவது பெரிய காரியமில்லை. வேகமான கார் ஒன்றும், அதைவிட வேகமான அசட்டுத் துணிச்சலும் இருந்தால் போதும். கடைசியில் வந்துவிட்டு, முதலில் வந்தவனே கூச்சப்படும்படி தலைநிமிர்ந்து நடப்பதுதான் மாபெரும் கலை. அந்தக் கலையின் தனிப்பெரும் மேதை நம் அறிக்கையார்.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. பந்தய அணி ஒன்றில் ‘செய்தித் தொடர்பு அலுவலர்’ ஆன பிறகு எல்லாருக்கும் அவர் அறிக்கையார்தான்.

அணி ஓடியது டூரிங் கார் பந்தயத்தில். தெருவில் போகும் அதே குடும்பக் கார்தான். பின் சீட்டைப் பிடுங்கிப் போட்டு, உள்ளே இரும்புக் கூண்டு பொருத்தி, கதவெல்லாம் விளம்பரம் ஒட்டினால் பந்தயக் கார். அதை ஓட்டியவன் அறிக்கையாரின் மச்சினன், மனைவியின் ஒரே தம்பி.

அந்த ஆண்டின் முதல் பந்தயத்தில் கார் முதல் சுற்றிலேயே புகை கக்கி ஓரமாக நின்றுவிட்டது. அணியின் முதலாளி தலையில் கை வைத்தார்.

“விளம்பரம் குடுத்தவங்களுக்கு என்னய்யா பதில் சொல்றது?”

“கவலையை விடுங்க சார்” என்ற அறிக்கையார் நின்றபடியே எழுதினார்: ‘எங்கள் கார் தனது இலக்குகளை முதல் சுற்றிலேயே நிறைவு செய்துகொண்டது.’

விளம்பரக்காரர்கள் பூங்கொத்து அனுப்பினார்கள். அறிக்கையாருக்குத் தனி அறையும் சுழல் நாற்காலியும் கிடைத்தன. மெக்கானிக் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த நல்ல ஜாக்கி மட்டும் கிடைக்கவில்லை.

அடுத்த பந்தயத்தில் கார், தடத்தின் ஓரத்தில் பழைய டயர்களை அடுக்கிய தடுப்புச் சுவரில் போய் முட்டியது. ‘பாதுகாப்புச் சுவரின் உறுதியை எங்கள் ஓட்டுநர் நேரில் பரிசோதித்தார்’ என்று அறிக்கை வந்தது. இந்தப் பந்தயத்தில் ஒரு விதியும் உண்டு: ஜெயித்தவன் அடுத்த முறை காரில் கூடுதல் எடையைச் சுமக்க வேண்டும். ஜெயிக்கவே ஜெயிக்காதவனுக்கு ஏது சுமை? ‘போட்டியிலேயே கனமில்லாத அணி நாங்கள்தான்’ என்று பெருமையோடு எழுதினார் அறிக்கையார். எழுதி அனுப்பிய பிறகுதான் அது முழு உண்மை என்று உறைத்தது. கைதவறி உண்மையை எழுதிவிட்ட வருத்தத்தில் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டிலும் இதே வியாதி. குழாயை மூட மறந்து சமையலறை குளமானபோது, “நீர் விநியோகம் எதிர்பார்ப்பை மிஞ்சிடுச்சு” என்றார்.

“விளக்கம் போதும், துணியை எடுத்துத் துடைங்க” என்றாள் மனைவி.

துடைத்தார். முட்டி போட்டுத் துடைக்கும்போது, இந்த வீட்டில் தன் பேச்சு எடுபடாததற்குக் காரணம் தன் பேச்சுதானோ என்று ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகத்தையும் சேர்த்துப் பிழிந்து வாளியில் விட்டார்.

நடுவில் ஒருநாள் மச்சினன் கார் கொட்டகையிலிருந்து நேராக அறிக்கையாரின் அறைக்கு வந்தான். தலைக்கவசத்தைக் கூடக் கழற்றவில்லை.

“அத்தான், முதல் மிதியில பிரேக் பிடிக்கல. ரெண்டாவது மிதியிலதான் பிடிக்குது.”

“முதலாளிகிட்ட சொன்னியா?”

“உங்ககிட்ட சொல்லச் சொன்னார்.”

பிரேக்கைப் பற்றி அறிக்கையாருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததைச் செய்தார்: ‘மற்றவர்கள் அஞ்சி முன்கூட்டியே மிதிக்கும் வளைவுகளில் எங்கள் ஓட்டுநர் தாமதமாகவே பிரேக் மிதிக்கிறார். இது துணிச்சலின் புதிய இலக்கணம்.’

அறிக்கை பற்றிக்கொண்டது. ‘பிரேக்குக்கு அஞ்சாதவன்’ என்று சுவரொட்டிகள் முளைத்தன. ரசிகர்கள் மச்சினனைச் சூழ்ந்துகொண்டு சட்டையில் கையெழுத்து கேட்டார்கள்.

“பிரேக்கை மாத்தியே ஆகணும் சார்” என்று மெக்கானிக் முதலாளியிடம் கெஞ்சினார்.

“மாத்திட்டா அவன் பேர் என்னய்யா ஆகும்?” என்றார் முதலாளி. பிரேக்குக்குப் பதில் சுவரொட்டி ஒட்டக் கூடுதல் ஆட்கள் வந்தார்கள்.

மச்சினனும் மெல்ல மெல்ல முறையிடுவதை நிறுத்தினான். வளைவுகளைத் தாமதமாகவே தொட ஆரம்பித்தான். “நம்ம ஸ்டைலே அதானே அத்தான்!” என்று சிரித்தான். பயல் தேறிவிட்டான் என்று அறிக்கையாரும் நினைத்துக்கொண்டார்.

கடைசிப் பந்தயத்தில், குறுகலான வளைவில், பிரேக் முதல் மிதியிலும் பிடிக்கவில்லை, இரண்டாவது மிதியிலும் பிடிக்கவில்லை. கார் உருண்டது. இரும்புக் கூண்டு உயிரைக் காப்பாற்றியது. வலது காலை நொறுங்காமல் காப்பாற்றவில்லை.

மருத்துவமனை வராந்தாவில் அறிக்கையாரின் கை தானாகச் சட்டைப்பைப் பேனாவுக்குப் போனது. மனைவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தயவுசெஞ்சு எதுவும் எழுதாதீங்க.”

அன்று அவர் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. ஏற்கெனவே எழுதியதே போதுமானதாக இருந்தது. விசாரணைக் குழுவின் முன் முதலாளி பழைய அறிக்கையை எடுத்து வைத்தார்.

“பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. லேட்டா மிதிக்கிறது பையனோட பழக்கம். அவங்க அத்தானே எழுதியிருக்காரு பாருங்க.”

“இது நீங்க எழுதினதா?” என்று கேட்டார் குழுத் தலைவர்.

அறிக்கையார் எழுந்தார். “நான்தான் எழுதினேன். அது பொய். பிரேக் கெட்டிருந்துச்சு. எனக்குத் தெரியும்.”

“மத்த அறிக்கைங்க?”

“எல்லாமே பொய்தான்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வருஷம் முழுக்கப் பொய் சொன்ன நீங்க, இப்ப மட்டும் உண்மை சொல்றீங்கன்னு எப்படி நம்புறது?”

வாழ்க்கையில் முதல்முறையாக அறிக்கையாரிடம் அறிக்கை இல்லை.

‘ஓட்டுநரின் பழக்கமே விபத்துக்குக் காரணம்’ என்று தீர்ப்பானது. மச்சினனின் பந்தய உரிமம் ரத்தானது. முதலாளியின் ‘முழு ஒத்துழைப்பு’ பாராட்டப்பட்டது. அறிக்கையார் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். கூடத்தில் கட்டுப்போட்ட காலை நாற்காலிமேல் நீட்டிக்கொண்டு மச்சினன் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்க்க முடியாமல் காலைப் பார்த்துச் சொன்னார்:

“அங்க போய் உண்மையைச் சொன்னேன்டா. ஒருத்தரும் நம்பல.”

“நான் நம்புறேன் அத்தான்” என்றான் மச்சினன். கிண்டல் துளிகூட இல்லாத குரல். “நீங்க சொன்னதை நான் எப்பவுமே நம்பியிருக்கேன். நம்பித்தானே ஓட்டினேன்.”