பாலத்தின் நடுவில் ஒரு மெத்தை

அன்புள்ள தம்பி வெண்டலுக்கு,

அண்ணன் லெஸ்டர் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அண்ணி டோரீனும் நலம், மெத்தை நலமில்லை. அங்கு மெர்னாவும் உன் முழங்காலும் நலந்தானா?

என் வரி அட்டவணையை நம்பி உன் ஒஹாயோ வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நட்டுவிட்டாயாமே? தயவுசெய்து பிடுங்கிவிடு.

ஓய்வுக்காலத்தில் எங்கே குடியிருப்பது என்று மாநிலம் மாநிலமாக வரிகளை ஒப்பிட்டது உனக்குத் தெரியும். புளோரிடாவில் வருமான வரி இல்லை, புயல் உண்டு. டெக்சாஸிலும் இல்லை, அதையும் சேர்த்து வீட்டு வரியில் வாங்கிவிடுகிறார்கள். கடைசியில் விடை எங்கள் பழைய போர்ட்லண்ட் வீட்டுக்கு எதிர்க்கரையிலேயே இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாஷிங்டன் மாநிலம். என் ஓய்வூதியத்துக்கு வரி இல்லை. போர்ட்லண்ட் பக்கம் ஆரிகன் மாநிலம். கடையில் வாங்குவதற்கு வரி இல்லை. வாஷிங்டனில் வாழ்ந்து ஆரிகனில் வாங்கினால் இரண்டும் மிச்சம்! உலகில் நான்தான் முதலில் கண்டுபிடித்தேன் என்று நினைத்தேன். வாஷிங்டன் கரைக்குக் குடிவந்த பிறகுதான் தெரிந்தது, தெருவே அதற்காகத்தான் வந்திருக்கிறது.

போன சனிக்கிழமை போர்ட்லண்டில் மெத்தை வாங்கிக் கார் கூரையில் கட்டினேன். என்னைப் போல ஓய்வுபெற்ற லத்தீன் வாத்தியார் கட்டிய முடிச்சு எப்படியிருக்கும்? பாதிப் பாலத்தில் மணி அடித்து, கப்பலுக்காக எங்களுக்கு முன்னாலிருந்த பாலத்துண்டைத் தூக்கிவிட்டார்கள். மழை கொட்டியது. மெத்தை முன்பக்கம் சரிந்து காரின் முன்கண்ணாடியை மூடிக்கொண்டது.

"பெரியவரே, தண்ணி மெத்தையா வாங்கினீங்க?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"ஒண்ணும் பேசாதீங்க. நனையுறது நம்ம மெத்தை இல்லன்னு நெனச்சுக்குங்க" என்றாள் டோரீன். பக்கத்துக் காரில் டிவிப் பெட்டியோடு ஒரு அம்மாள், பெயர் மேவிஸ், எங்கள் தெருவேதான். கப்பல் போகும்வரை இருவரும் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு புருஷன்களைப் பற்றிப் பேசினார்கள். நான் கைகளால் மெத்தையைத் தாங்கியபடி மழையில் நின்றேன்.

வீட்டுக்கு வந்தபின் படித்தேன்: ஆரிகனில் வாங்கி வந்தாலும் இங்கே வாஷிங்டனில் அதற்கு வரி கட்ட வேண்டுமாம். அட்டவணையில் அந்தக் கட்டமே போடவில்லை! தூக்கம் வரவில்லை, மெத்தையும் இல்லை. திங்கட்கிழமை வரி அலுவலகத்துக்குப் போன் செய்து ஒப்புக்கொண்டேன்.

"சார், நீங்களாவா கூப்பிட்டீங்க?" என்றாள் ஒரு பெண். பிறகு அங்கேயே யாரிடமோ, "ஏய், இங்க ஓடி வா! ஒருத்தரு தானா கட்டுறேங்கறாரு!"

"மெத்தை நனைந்துவிட்டது அம்மா. அதற்கு ஏதாவது குறைப்பீர்களா?"

"மழைக்கெல்லாம் தள்ளுபடி இல்ல சார்."

ஆகவே வசந்தத்தில் போர்ட்லண்டுக்கே திரும்பிவிடுகிறோம். நீ ஒஹாயோவிலேயே இரு. எல்லா வரியும் உண்டு. ஆனால் பழகிய வரிகள். இந்த விஷயத்தில் இனி என் பேச்சைக் கேட்காதே.

உன் முழங்கால் படியேறவும், மெர்னாவின் தக்காளி காய்க்கவும் வேண்டிக்கொள்ளும்,
அண்ணன் லெஸ்டர்

பின்குறிப்பு: கடிதத்தை டோரீனிடம் படித்துக் காட்டினேன். "போறதுன்னா நீங்க போங்க. வியாழக்கிழமை மேவிஸ் வீட்டுல சீட்டாட்டம். முப்பது வருஷம் அந்தக் கரையில ஒருத்தி என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாளா?" என்றாள். ஆகவே நாங்கள் இங்கேயேதான். மேவிஸுக்கு அடுத்த வீடு விலைக்கு வருகிறதாம், உனக்கு ஆகும். பலகையைப் பிடுங்கியிருந்தால் மறுபடியும் நடு. வரும்போது உன் பழைய மெத்தையையே கொண்டு வா. அதற்கு வரி இல்லை. போன் செய்து கேட்டுவிட்டேன். அந்தப் பெண் குரலை வைத்தே கண்டுபிடித்து, "மெத்தை காஞ்சுதா சார்?" என்று விசாரித்தாள்.