முதலாளிகள் முப்பத்திரண்டு பேர்

நான்காம் எண் அழுத்து இயந்திரத்தை நிறுத்தியது யார் என்று மனிதவள மேலாளர் கேட்டபோது, பயிலுநர்கள் முப்பத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை உயர்த்தினார்கள். அருகில் நின்ற பயிற்சியாளர் ஓரடி பின்வாங்கினார்.

"யாரு சொல்லி நிறுத்துனீங்க?"

"சார்தான் சொன்னாரு," என்று நெட்டை என்று அழைக்கப்பட்ட பையன் பயிற்சியாளரைச் சுட்டிக்காட்டினான்.

"நானா? நான் எப்பப்பா சொன்னேன்?"

"காலையில சொன்னீங்களே சார். நீங்கதான் இந்தக் கம்பெனிக்கு முதலாளி, முதலாளி மாதிரி யோசிங்கன்னு. சுத்திப் பாக்கப் போனப்ப, அந்த மெஷின்ல கை உள்ள போகாம தடுக்கற கம்பி வலையக் காணோம். நம்ம சொந்த மெஷினா இருந்தா ஓட விடுவோமா?"

மேலாளர் பயிற்சியாளரைப் பார்த்தார். பயிற்சியாளர் தம் காலணிகளைப் பார்த்தார். அவை அன்று காலை நன்கு துடைக்கப்பட்டவை.

அது மேசை மின்விசிறி தயாரிக்கும் தொழிற்சாலை. பயிற்சிக் கூடத்தில் மட்டும் மின்விசிறி கிடையாது. பத்தொன்பது, இருபது வயதுடைய இளைஞர்களுக்கு மூன்று நாள் அங்கே வகுப்பெடுத்து, அவர்கள் உள்ளத்தில் நிறுவனப் பற்றை ஊன்றுவது பயிற்சியாளரின் கடமை. ஊன்றியதற்குச் சான்றாக, கோடைப் பருவம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊதியமின்றிப் பணிபுரிய மனமுவந்து சம்மதிக்கும் 'விருப்பப் படிவம்' ஒன்றில் ஒவ்வொருவரிடமும் கையெழுத்துப் பெற வேண்டும்.

பயிற்சியாளர் அங்கு ஏழாண்டுகளாகப் பணிபுரிந்தார். பணிபுரிந்தார் என்பதை விட, ஏழு முறை பணியில் சேர்ந்தார் என்பதே பொருந்தும். ஒப்பந்தம் பதினொரு மாதங்களுக்கு மட்டுமே. பன்னிரண்டாம் மாதம் வீட்டில் இருக்க வேண்டும். அந்த ஒரு மாதமும் அவர் காலையில் குளித்து, அலுவலகச் சட்டை அணிந்து, மகள் பள்ளிக்குப் புறப்பட்ட பின்னரே அதைக் கழற்றுவார். இம்முறை முப்பத்திரண்டு படிவங்களும் வந்துவிட்டால் நிரந்தரப் பணி என்று மேலாளர் வாக்களித்திருந்தார்.

"படிவம் என்னாச்சு?" என்று மேலாளர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

இதற்கும் பயிலுநர்களே விடையளித்தார்கள். முன்வரிசையில் மூக்குக்கண்ணாடி அணிந்த பெண் எழுந்தாள். அன்று காலை முதல் ஐயங்களை எழுப்பி வந்ததால், தோழர்கள் அவளுக்குச் சந்தேகம் என்றே பெயர் சூட்டியிருந்தார்கள்.

"அதப் பத்தி நாங்க முதலாளிங்க எல்லாரும் கூடிப் பேசினோம் சார். ஞாயித்துக்கிழமை கம்பெனிக்கு லீவு விட்றலாம்னு முடிவு பண்ணிருக்கோம்."

மாலையில் வீடு திரும்பிய பயிற்சியாளரிடம் மனைவி, துணிகளை மடித்தவாறே கேட்டாள்.

"எத்தனை கையெழுத்து வாங்குனீங்க?"

"இன்னும் ஆரம்பிக்கல."

"ஏங்க, அந்த ஞாயித்துக்கிழமைல நீங்களும் போகணுமா?"

"நான் எதுக்குப் போறேன்?"

"அப்ப அந்தப் புள்ளைங்க எதுக்குப் போகுதுங்க?"

"நீ வேற, சும்மா இரு," என்றார் பயிற்சியாளர். சும்மா இருந்தது அவர்தான். அவள் பதினொரு துணிகளை மடித்து முடித்தாள்.

இரண்டாம் நாள் அவர் முறையை மாற்றிக்கொண்டார். கரும்பலகையில் இருந்த 'முதலாளி' என்னும் சொல்லைத் துடைத்துவிட்டு, 'குடும்பம்' என்று அழகுற எழுதினார்.

"நேத்து சொன்னத மறந்துருங்க. நாம எல்லாரும் ஒரே குடும்பம். குடும்பத்துல கணக்குப் பாக்க மாட்டோம். சரியா?"

"சரி சார்," என்று அனைவரும் கூறினர். அவருக்கு நிம்மதி பிறந்தது. ஆயினும் அந்த நிம்மதிக்கு ஆயுள் மதியம் வரை மட்டுமே விதிக்கப்பட்டிருந்தது.

ஒரு மணிக்கு உணவு இடைவேளை. தொழிற்சாலையில் சாப்பாட்டுக் கூடங்கள் இரண்டு. ஒன்று தொழிலாளருக்கு, மற்றொன்று மேசைவிரிப்பும் குளிர்சாதனமும் உடையது, அதிகாரிகளுக்கு. அன்று அதிகாரிகள் சென்று பார்த்தபோது, முப்பத்திரண்டு நாற்காலிகளில் முப்பத்திரண்டு உறவினர்கள் அமர்ந்திருந்தார்கள்.

"எழுந்திருங்கப்பா, இது உங்க இடம் இல்ல," என்று பயிற்சியாளர் மூச்சிரைக்க ஓடிவந்து கூறினார்.

"ஒரே குடும்பம்னு சொன்னீங்களே சார்," என்றான் நெட்டை. "ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பு எரிஞ்சா பாகம் பிரிச்சாச்சுன்னு தானே அர்த்தம்? பிரிச்சாச்சுன்னா எங்க பங்கு எங்க சார்?"

"டேய், அது ஒரு பேச்சுக்குச் சொன்னதுடா."

"எங்க பெரியப்பாவும் இதேதான் சொன்னாரு. அப்பறம் நாங்க கோர்ட்டுக்குப் போனோம்."

கூடமே சிரித்தது. அதிகாரிகளில் இருவர்கூடச் சிரித்தனர். பிறகு ஒருவரையொருவர் பார்த்து நிறுத்திக்கொண்டனர். சந்தேகம் மட்டும் சிரிக்கவில்லை.

"சார், போன மாசம் நாலாம் நம்பர் மெஷின்ல ஒரு அண்ணனுக்கு ரெண்டு விரல் போச்சாமே. மறுநாளே அந்த இடத்துக்கு வேற ஆளு வந்துட்டாங்களாம். குடும்பத்துல ஒரு அண்ணன் விழுந்தா தூக்கிவிடுவாங்களா, வேற அண்ணன வரவழைப்பாங்களா?"

பயிற்சியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் விடவில்லை.

"நீங்க இந்தக் குடும்பத்துல எந்த முறை சார்? சித்தப்பாவா, மாமாவா?"

"நான் ஒப்பந்தம்மா. வெளியாளுன்னு வெச்சுக்கோயேன்."

"எத்தனை வருஷமா?"

"ஏழு."

"ஏழு வருஷமா வெளியாளா?" என்று கேட்டுவிட்டு, அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மற்றவர்களும் எழுந்து, ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் கூடத்துக்குச் சென்றார்கள். அவர்கள் அமைதியாகச் சென்றது பயிற்சியாளரை மேலும் அச்சுறுத்தியது.

அன்று மாலை நிறுவனத்தின் தலைவருக்கு ஒரு கடிதம் சென்றது. 'அன்புள்ள பெரியப்பா' என்று தொடங்கிய அக்கடிதத்தில், பெரியப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே இருப்பார் என்ற ஒரே வினாவும், அதன் கீழ் முப்பத்திரண்டு கையெழுத்துகளும் இருந்தன. மூன்று நாள்களில் பயிற்சியாளர் பெற விரும்பிய கையெழுத்துகள், எண்ணிக்கை பிசகாமல், வேறொரு தாளில் வந்து சேர்ந்துவிட்டன.

"நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு," என்றார் மேலாளர். "முதலாளியும் வேணாம், குடும்பமும் வேணாம். படகுன்னு சொல்லிப் பாருங்க. மத்த எடத்துலல்லாம் படகு நல்லா வேல செய்யுது."

மூன்றாம் நாள் பயிற்சியாளர் கரும்பலகையில் ஒரு படகு வரைந்தார்.

"நாம எல்லாரும் ஒரே படகுல போறோம்."

"துடுப்பு போடுறது யாரு சார்?"

"எல்லாரும்தான்."

"பெரியப்பாவுமா?"

"அவரு முன்னாடி உக்காந்து வழி காட்டுவாரு."

"எங்க போகணும்னு எங்களக் கேப்பாங்களா?"

"வேகமாப் போகணும்னு மட்டும் சொல்வாங்க."

"ஓட்டை விழுந்தா?"

"எல்லாரும் சேந்து தண்ணிய எறைக்கணும்."

"கரை சேந்ததும்?"

பயிற்சியாளர் படகைத் துடைத்தார். பாய்மரம் மட்டும் சிறிது எஞ்சி நின்றது. அதையும் துடைத்தார். சுண்ணாம்புத் தூள் அவர் சட்டையெங்கும் படிந்தது. அன்றுடன் கெடு முடிகிறது; படிவங்கள் பிரிக்கப்படாத கட்டாக மேசை மீது கிடக்கின்றன; பதினொன்றாம் மாதம் நடந்துகொண்டிருக்கிறது. ஏழாண்டுகளாக அவர் பேணி வந்த பொறுமை அக்கணத்தில் கைவிட்டுப் போயிற்று.

"போதும். உள்ளதச் சொல்றேன், கேட்டுக்குங்க. நீங்க முதலாளியும் இல்ல, குடும்பமும் இல்ல, படகும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. உங்ககிட்ட இருக்கறது உங்க நேரமும் ரெண்டு கையும்தான். அத விக்க வந்திருக்கீங்க. அவங்க வாங்குறாங்க. எட்டு மணி நேரத்துல நீங்க செய்யற விசிறில உங்க கூலிக்கு ரெண்டு மணி நேரத்து விசிறி போதும். மிச்சம் ஆறு மணி நேரம் யாருக்கு? அது பத்தாம ஞாயித்துக்கிழமையும் கேக்கறாங்க. ஏன் கேக்கறாங்க? கேட்டா குடுப்பீங்கன்னு தெரியும். விக்கறவன் ஒத்தையா வந்து நின்னா, வாங்கறவன் சொல்றதுதான் வெல. முப்பத்திரண்டு பேரும் சேந்து ஒரே..."

அவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். தம் வாயிலிருந்து வந்தது தம் குரல்தானா என்று அவருக்கே ஐயமாயிற்று. இந்தச் சொற்களை அவருக்கு எவரும் கற்பித்ததில்லை. ஆறு பன்னிரண்டாம் மாதங்களில், சட்டையைக் கழற்றி மாட்டிய பிறகு, சுவரைப் பார்த்தவாறு அவர் தாமே கூட்டிக் கழித்துக் கண்டவை அவை.

முதன்முறையாக வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"மீதியச் சொல்லுங்க சார்," என்றான் நெட்டை.

"டீ நேரமாச்சு. போய்ட்டு வாங்க."

"பரவால்ல சார்," என்றாள் சந்தேகம். "இதுல எனக்குச் சந்தேகம் இல்ல."

தேநீர் இடைவேளை பதினைந்து நிமிடம். அரை மணியாகியும் எவரும் வகுப்புக்குத் திரும்பவில்லை. முக்கால் மணியில், ஓயாது இரைந்துகொண்டிருக்கும் தொழிற்சாலை ஓசையில் ஒரு பகுதி குறைந்தது. பின்னர் மற்றொரு பகுதியும் குறைந்தது. ஒரு மணி நேரத்தில், முற்றத்தில் யாரோ இருமுவது மூன்றாம் மாடிப் பயிற்சிக் கூடம் வரை கேட்டது. பழைய தொழிலாளர்களும் பயிலுநர்களோடு முற்றத்தில் அமர்ந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது.

மேலாளர் பயிற்சியாளரைத் தம் அறைக்கு அழைத்தார். மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, பயிற்சியாளரின் பெயர் அச்சிடப்பட்ட நிரந்தரப் பணி ஆணை. கையெழுத்து ஒன்றே எஞ்சியிருந்தது. மற்றொன்று வெற்றுத் தாள்.

"இது நம்ம புள்ளைங்க தானா யோசிச்சுப் பண்றதில்ல. எவனோ தூண்டிவிடுறான். யாருன்னு உங்களுக்குத் தெரியும். மூணு பேரு எழுதிக் குடுங்க போதும். அவங்கள அனுப்பிட்டு, இதுல நான் கையெழுத்துப் போட்டுர்றேன்."

தூண்டியவர் யார் என்று நேர்மையாக எண்ணிப் பார்த்தபோது, பயிற்சியாளருக்கு ஒரே ஒரு பெயர்தான் தோன்றியது. அந்தப் பெயர் முதல் தாளில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

"என்ன யோசிக்கிறீங்க? உங்களுக்கும் புள்ள இருக்குல்ல?"

அவர் பேனாவை எடுத்தார். சந்தேகத்தின் உண்மைப் பெயர் தமக்குத் தெரியாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவளுடைய அடையாள எண் தெரியும். பதினேழு. தாளின் தலைப்பில் அதை எழுதினார். காலையில் ஐயமின்றி அமர்ந்திருந்த அந்த முகம் கண்முன் வந்தது. மகளுக்கும் இன்னும் சில ஆண்டுகளில் அந்த வயதாகும். நெட்டையின் எண்ணை எழுத முற்பட்டபோது மை வரவில்லை; தாளின் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தார்.

கதவைத் தட்டிவிட்டு அலுவலக உதவியாளர் உள்ளே வந்தார். முற்றத்தில் அமர்ந்திருப்பவர்கள் கொடுத்த தாள் அவர் கையில் இருந்தது.

"கோரிக்கையாம் சார். படிக்கட்டுமா?"

"படிக்க என்ன இருக்கு? ஞாயித்துக்கிழமை லீவு வேணும்பாங்க, மெஷினுக்கு வலை போடணும்பாங்க," என்றார் மேலாளர்.

"அது ரெண்டாவதும் மூணாவதும் சார். ஏழு வருஷமா ஒப்பந்தத்துல இருக்கற நம்ம பயிற்சி சாரை நிரந்தரமாக்கணும், அது வரைக்கும் ஒருத்தரும் மெஷின்ல கை வைக்க மாட்டோம்னு முதல்ல எழுதியிருக்காங்க."