பதினாலாவது ஷரத்து

தான் செத்த பிறகும் பெண்டாட்டிக்குக் காவல் போட ஒரு வழி இருக்கிறது என்று ஆதிகேசவனுக்குத் தெரியவந்தது 1996ஆம் வருஷம், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பத்தரை மணிக்கு. அதுவும் செலவே இல்லாமல். கம்பெனியே காவல் காக்குமாம்.

அவருக்கு அப்போது வயது ஐம்பத்தேழு. ஒயிட்ஃபீல்ட் ரோட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் ஃபிட்டர். பீடி ஓயாத வாய் என்றாலும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பொறாமை பிடித்தவனுக்குச் சாகிற தேதியா முக்கியம்? செத்த மறு மாதம் தன் நாற்காலியில் உட்கார்ந்து எவன் காபி குடிப்பான் என்பதுதான் முக்கியம். எவன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எதிர்வீட்டு உத்தமன்.

ஆஸ்டின் டவுனில் ஒரே வாசலுக்குள் எட்டு வீடு, நடுவில் ஒரு குழாய். அதில் ஒரு வீட்டில் ஆதிகேசவனும் தமயந்தியும். நேர் எதிரே உத்தமன். அதே கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க். மனைவி தவறி மூன்று வருஷம். நாற்பத்தெட்டு வயதிலும் தலை நிறைய சுருட்டை முடி. ஆதிகேசவனுக்குக் கேசம் பெயரோடு சரி. எதிராளியின் பெயரும் அவருக்குப் பிடிக்கவில்லை. உண்மையிலேயே உத்தமனாக இருக்கிறவன் அதைப் பெயராக வைத்துக்கொண்டு திரிவானா?

வாசலில் எல்லாருக்கும் தமயந்தி, தமயந்தியக்கா. உத்தமனுக்கு மட்டும் 'மேடம்'. குழாயடியில் அவள் குடம் நிரம்பினால் அவன் கை தானாக நீளும். தன் குடம் வழிந்து வாசல் தெப்பக்குளமானாலும் அவனுக்குத் தெரியாது. இதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்தே ஆதிகேசவன் இரண்டு முறை ஷிஃப்ட் பஸ்ஸை விட்டிருக்கிறார்.

இந்தச் சமயத்தில்தான் கம்பெனி ஒரு சர்க்குலர் ஒட்டியது. அதுவரை ரிட்டையர் ஆகிறவர் கையில் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து, மாலை போட்டு, கேட் வரை வந்து வழியனுப்புவார்கள். இனிமேல் அந்தத் தொகையைக் கம்பெனியே வைத்துக்கொண்டு மாதாமாதம் பென்ஷன் தருமாம். ஆள் போய்ச் சேர்ந்தால் மனைவிக்குப் பாதி. பழைய ஏற்பாடா, புதிய பென்ஷனா என்று ஒவ்வொருவரும் ஃபாரத்தில் டிக் போட்டு, மனைவியின் கையெழுத்தும் வாங்கித் தர வேண்டும். ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான், மாற்ற முடியாது.

யூனியன் செகரெட்டரி ஜெயராஜ் கேட் முன்னால் ஸ்டூல் மேல் ஏறினார். "நம்ம துட்டு நம்ம கைல வரணும்! மாசாமாசம் கை நீட்டறதுக்கு நாம இன்னா பிச்சைக்காரங்களா?"

எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டியது ஆதிகேசவன். காரணம் இருந்தது. ஈஜிபுராவில் அவர் தம்பி சுந்தரம் கேபிள் டிவி தொழில் ஆரம்பிக்கப் போகிறான். அண்ணன் ரிட்டையர் ஆகும் நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறான். முன்னால் அவன் வைத்த வீடியோ கடையில்தான் தமயந்தியின் இரட்டைவடச் செயின் போனது. கடையும் போனது. தம்பியின் உற்சாகம் மட்டும் போகவில்லை.

சர்க்குலர் இங்கிலீஷிலும் கன்னடத்திலும் இருந்தது. ஆதிகேசவன் கன்னடம் பேசினால் மண்டியாக்காரனே தோற்றுப்போவான். படிப்பதுதான் தகராறு. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை உத்தமன் வந்து, ஆதிகேசவனின் நாற்காலியிலேயே உட்கார்ந்து, தமயந்தி கொடுத்த காபியைக் குடித்தபடி ஒவ்வொரு ஷரத்தாகப் படித்து அர்த்தம் சொன்னான்.

"ஷரத்து பதினாலு. ஊழியர் காலமானா சம்சாரத்துக்கு ஆயுசு பூரா பாதி பென்ஷன். ஆனா சம்சாரம் மறுகல்யாணம் பண்ணிக்கினா, அன்னிக்கே பென்ஷன் கட்."

"அத இன்னொரு தபா படிங்க" என்றாள் தமயந்தி.

படித்தான்.

"கல்யாணம்னா மண்டபம், சாப்பாடெல்லாம் போட்டு பண்றதுதானே? சும்மா கோயில்ல மாலை மாத்திக்கினா?"

"அதுவும் சேர்த்திதான் மேடம்."

"பேஜாரா இருக்கே!"

ஆதிகேசவன் டம்ளரை ணங்கென்று கீழே வைத்தார். உத்தமன் வாசலைத் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடி, ரெண்டாவது தபா படிக்கச் சொன்ன?"

"தெரிஞ்சிக்கலாம்னுதான்."

"இன்னாத்த தெரிஞ்சிக்க?"

"நமக்கு இந்த பென்ஷன் வேணாங்க. மொத்தமா வாங்கிடுங்க. கைல வந்துட்டா, அப்புறம் யாரும் அதப் பண்ணாத, இதப் பண்ணாதன்னு சொல்ல முடியாது பாருங்க."

"எதப் பண்ணாதன்னு?"

"எதையோ. பின்னால யாருக்கு எப்படின்னு இன்னா தெரியும்? நீங்க இருக்கறவரைக்கும் சரி."

"இல்லாதப்போ?"

"அதுக்குத்தாங்க சொல்றேன். மொத்தமா வாங்கிடுங்க."

ஆதிகேசவனுக்குக் கண்ணெதிரே படம் ஓடியது. லால்பாக் மலர்க் கண்காட்சி. தமயந்தியும் உத்தமனும். அவன் கையில் வேர்க்கடலைப் பொட்டலம். அது தான் முப்பது வருஷம் பம்ப் மாட்டிச் சம்பாதித்த வேர்க்கடலை! அவன் ஊதி ஊதித் தோல் நீக்கிக் கொடுக்க, அவள் சிரித்துச் சிரித்து ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொள்கிறாள். அவரிடம் அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. அவரும் ஒருநாளும் கடலை உரித்துக் கொடுத்ததில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

பென்ஷன் எடுத்தால்? கல்யாணம் செய்துகொண்ட மறுநாளே பணம் நின்றுவிடும். பணத்தை விடுகிற ஜாதியா தமயந்தி? கீரைக்காரியிடம் கால் ரூபாய்க்கு அரை மணி நேரம் நிற்கிறவள். ஆக, கிழவியாகும்வரை ஆதிகேசவனின் விதவையாகவே இருப்பாள். தம்பியின் முகம் ஒரு நிமிஷம் வந்து போனது. கேபிள் டிவி போனால் போகட்டும், மானம் போகலாமா?

பென்ஷன் என்று இருந்த கட்டத்தில், பேனா காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி டிக் போட்டார்.

"போடு கையெழுத்து."

"யோசிச்சுக்குங்க. ஜெயராஜ் அண்ணன் அவ்ளோ சொல்றாரே…"

"அவன் கெடக்கறான். போடுடி!"

"சுந்தரத்துக்கு இன்னா சொல்வீங்க?"

"அத நான் பாத்துக்கறேன். சும்னே போடு!"

தமயந்தி கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அவள் தோள் இரண்டும் குலுங்கின. அழட்டும் என்று ஆதிகேசவன் பரிபூரணத் திருப்தி அடைந்தார்.

மறுநாள் டைம் ஆபீஸில் ஃபாரத்தை வாங்கி முத்திரை குத்தியது உத்தமன்தான். அவன் முகம் வாடினதாக ஆதிகேசவனுக்குத் தோன்றியது. அந்தச் சந்தோஷத்தில் மதியம் ஒரு கரண்டி சோறு அதிகம் இறங்கியது.

அதன் பிறகு இறங்கியதெல்லாம் வசவு. ஜெயராஜ் பேச்சை நிறுத்தினார். கான்டீனில் பக்கத்தில் உட்கார ஆளில்லை. 'கம்பெனி கைக்கூலி' என்று லாக்கரில் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போனார்கள். ஈஜிபுராவிலிருந்து தம்பி வந்து, காபி கூடக் குடிக்காமல், "நீயெல்லாம் ஒரு அண்ணனா?" என்று கேட்டுவிட்டுப் போனான். எல்லாவற்றையும் ஆதிகேசவன் சிரித்த முகத்தோடு தாங்கினார். காலையில் குழாயடியில் உத்தமன் குடத்துக்குக் கை நீட்டும்போது ஜன்னலில் நின்று, "தூக்குடா, தூக்கு. பதினாலாவது ஷரத்து இருக்கு" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வார். அந்த நிம்மதியில் ஷிஃப்ட் பஸ்ஸை ஒருநாளும் விடவில்லை.

ஆறு வாரம் கழித்து நிர்வாகமும் யூனியனும் பேசி முடித்தன. ஜெயராஜ் மறுபடி ஸ்டூல் மேல் ஏறினார். அவரவர் டிக் போட்டது போட்டபடி நிற்கும் என்றார். கூட்டம் சலித்துக்கொண்டது.

"ஆனா ஒரு விஷயத்துல நாம ஜெயிச்சோம்பா! பதினாலாவது ஷரத்துல, மறுகல்யாணம் பண்ணா பென்ஷன் கட்டுன்னு இருந்ததில்ல? அத கம்பெனி எடுத்துடுச்சி. ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, ஈஜிபுரான்னு வீடு வீடாப் போயி நூத்திப் பன்னெண்டு பொம்பளைங்க கிட்ட கையெழுத்து வாங்கி எம்.டிக்கே மனு குடுத்துட்டாங்க. மொதல் கையெழுத்து யாரு தெரியுமா? நம்ம ஆதியண்ணன் சம்சாரம்! மனு எழுதிக் குடுத்தது நம்ம உத்தமன்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. ஆறு வாரமாகப் பேசாதவர்கள் எல்லாரும் வந்து ஆதிகேசவனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அந்தக் கையில் உயிரே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது தமயந்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பென்ஷன் வேணாம்னு நீதானடி சொன்ன?"

"வேணும்னு சொல்லியிருந்தா டிக் போட்டிருப்பீங்களா? மொத்தத்தையும் தூக்கிகினு ஈஜிபுராவுக்கு ஓடியிருப்பீங்க. என் செயின் போனது போதும்னுதான்."

"அப்போ ரெண்டாவது தபா படிக்கச் சொன்னது?"

"மொத தபா நீங்க கேட்ட மாதிரி தெரியல."

"சரிடி. பென்ஷன்தான் வந்துடுச்சே, அப்புறம் எதுக்கு அந்த ஷரத்த எடுக்கச் சொன்ன? இன்னொருத்தனக் கட்டிக்கப் போறியா?"

"ஒருத்தர வச்சிகினே முழி பிதுங்குது, இன்னொருத்தரா? ஆனா வேணாம்னு நான் சொல்லணும். கம்பெனி யாரு சொல்றதுக்கு?"

ஆதிகேசவனுக்கு வயிற்றில் கொஞ்சம் பால் வார்த்த மாதிரி இருந்தது. அதோடு எழுந்து கைகால் கழுவப் போயிருக்கலாம். போகவில்லை.

"அந்த உத்தமன் எதுல டிக் போட்டான்?"

"அவரும் பென்ஷன்லதான்" என்றவள், கையிலிருந்த கீரைத் தண்டை அப்படியே பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். "அட, ஆமாங்க! உங்களுது பாதி, அவருது பாதி… முழுசா வருமில்ல?"

இருபத்திரண்டு வருஷமாக அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டும் விடாத பீடியை ஆதிகேசவன் அன்றைக்கு விட்டார்.